கட்டிலா, மாத்திரையா?

கதைகளிலும் சினிமாக்களிலும் க்ஷயரோகத்துக்கு ஒரு தனி அந்தஸ்து உண்டு. கதாநாயகி இருமுவாள். கைக்குட்டையில் ஒரு துளி ரத்தம் தெரியும். அடுத்த அத்தியாயத்தில் அவள் ஏதோ ஒரு மலைமேல், வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் படுத்தபடி ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலராவில் மாண்ட கதாநாயகியை நான் அதிகம் படித்ததில்லை. வாந்திபேதிக்குக் காதல் கதையில் யார் இடம் கொடுப்பார்கள்? க்ஷயத்துக்கு மட்டும் அந்த இடம் தாராளமாகக் கிடைத்தது.

அந்த மலைமேல் கட்டிலின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அந்தக் கட்டில் இல்லாமலே நோய் தீரும் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய ஊர் நம்முடைய சென்னை. அதுவும் மலையோ, சோலையோ உள்ள பேட்டையில் அல்ல, சேத்துப்பட்டில். இதை நம்மில் பலர் அறியமாட்டோம்.

கிருமி எது என்பது 1882லேயே தெரிந்துவிட்டது. அந்த வருஷம் மார்ச் 24ந் தேதி, பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய டாக்டர் அதை எல்லோருக்கும் காட்டினார். ஆனால் திருடன் யார் என்று தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? பிடிக்க வேண்டாமா? அதற்குப் பின் அறுபது வருஷங்களுக்கு மருந்து என்று ஒன்று கிடைக்கவில்லை. இருந்ததெல்லாம் ஸானடோரியம்தான். 1854ல் ஹெர்மன் பிரெமர் என்பவர் ஸைலீஷியாவின் மலைக் கிராமம் ஒன்றில் தொடங்கி வைத்த ஏற்பாடு அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு. இந்த மூன்றும்தான் சிகிச்சை. நம் பக்கத்திலும் மதனபள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915ல் ஒரு ஸானடோரியம் திறந்தார்கள். தாம்பரத்தில் 1928ல் டாக்டர் சௌரி முத்து ஒன்றை ஆரம்பித்தார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. காற்றுக்கு விலையில்லை என்றாலும், அந்தக் காற்றை வருஷக்கணக்கில் படுத்துக்கொண்டு சுவாசிப்பதற்கு விலை உண்டு. வசதியுள்ளவர்கள் போனார்கள். போனவர்களெல்லாம் பிழைத்தார்கள் என்றும் இல்லை. ஜவாஹர்லால் நேருவின் மனைவி கமலா, ஸ்விட்ஸர்லாந்து வரை போயும் 1936ல் அங்கேயே காலமானார். வசதியில்லாதவனுக்கு வீட்டுத் திண்ணைதான் ஸானடோரியம். அவனுக்கென்று ஒரு தனித் தம்ளர், ஒரு தனித் தட்டு. குழந்தைகள் கிட்டே போகக்கூடாது. அவ்வளவுதான் வைத்தியம்.

1943ல் அமெரிக்காவில், ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் வாக்ஸ்மன் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைஸினைப் பிரித்தெடுத்தார். க்ஷயக் கிருமியை மனித உடம்புக்குள்ளேயே தாக்கக்கூடிய முதல் மருந்து அது. அந்த மருந்துக்கு உலகம் முழுவதும் கைநீட்டியது. ஆனால் யுத்தத்தில் நொடித்துப் போயிருந்த பிரிட்டனால் அதைக் கொஞ்சமாகத்தான் வாங்க முடிந்தது. கொஞ்சம் மருந்து, நிறைய நோயாளிகள். யாருக்குக் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவரின் வாழ்க்கையே ஒரு கதை. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் முதல் உலக யுத்தத்துக்குப் போனவர். அங்கே க்ஷயம் பிடித்தது. பிழைக்கமாட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். டாக்டராக வேண்டும் என்ற ஆசை அதோடு போயிற்று. தபால் மூலம் பொருளாதாரம் படித்துப் புள்ளிவிவர நிபுணரானார். வைத்தியத்துக்குள் முன்வாசல் வழியே நுழைய முடியாதவர், கணக்கு என்ற பின்வாசல் வழியே நுழைந்து வைத்தியத்தையே மாற்றிவிட்டார்.

அவர் யோசனைப்படி பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் 1947ல் ஒரு சோதனை தொடங்கியது. இரண்டு நுரையீரலும் பாதிக்கப்பட்ட இளம் நோயாளிகள் 107 பேர். யாருக்கு ஊசி, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை, சிபாரிசு தீர்மானிக்கவில்லை, பணமும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவதுபோல எண்களைப் போட்டு, உறையில் வைத்து ஒட்டிவிட்டார்கள். உறையைப் பிரித்தால்தான் தெரியும். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 14 பேர்.

இதைப் படிக்கும்போது மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்தப் பதினான்கு பேருக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருப்பதே தெரியாது. இது கொடுமை அல்லவா என்று கேட்கலாம். ஆனால் எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை என்றபோது, செல்வாக்குள்ளவனுக்குக் கொடுப்பதைவிடச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பது எந்த விதத்தில் தாழ்ந்தது? அதோடு, அப்படிக் குலுக்கியதால்தான் மருந்துக்கு வேலை செய்யும் சக்தி உண்டு என்பதும், ஒரு பெரிய குறை உண்டு என்பதும் சந்தேகமறத் தெரிய வந்தன.

அந்தக் குறை இதுதான். முதலில் தேறிய பலர் மறுபடி விழுந்தார்கள். கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ சில, மருந்துக்கு அடங்காதவையாகப் பிறக்கின்றன. மற்றவை சாக, அவை பெருகிவிடுகின்றன. சில மாதங்களில் ஊசி வெறும் தண்ணீராகிவிடுகிறது. இதற்கு வழி என்ன? ஸ்வீடனில் லேமன் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த 'பாஸ்' என்ற மருந்தையும் கூடவே கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பூட்டைத் திறக்கத் தெரிந்த திருடன் இருக்கலாம்; இரண்டு வெவ்வேறு பூட்டையும் திறக்கத் தெரிந்தவன் அபூர்வம். இரண்டு மருந்தும் சேர்ந்தபோது கிருமி தப்பவில்லை.

அந்தச் சோதனையின் முடிவு அச்சில் வந்த வருஷம் 1948. தமிழில் கதை எழுதுகிற எவனும் அந்த வருஷத்தைச் சுலபமாகக் கடந்து போக முடியாது. புதுமைப்பித்தன் க்ஷயத்தில் காலமானது அந்த வருஷம்தான், வயது நாற்பத்திரண்டு. அதே வருஷம் ஸ்காட்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு, அமெரிக்காவிலிருந்து தருவித்த ஸ்ட்ரெப்டோமைஸினைப் போட்டார்கள். அவர் உடம்பு அதைத் தாங்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். 1950 ஜனவரியில் அவரும் போய்விட்டார். இரண்டு வருஷத்தில் ஐஸோநயாஸிட் வந்தது. அதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. அந்தப் பொருளை 1912லேயே பிராக் நகரில் இரண்டு ரசாயனக்காரர்கள் தயாரித்துவிட்டிருந்தார்கள். என்ன உபயோகம் என்று தெரியாமல் நாற்பது வருஷம் கிடந்தது. 1952ல்தான் அதன் குணம் வெளிப்பட்டது. ஊசி வேண்டாம், சின்ன மாத்திரை, விலையோ மிக மலிவு.

இனி நம் ஊருக்கு வருவோம். 1955க்கும் 1958க்கும் இடையில் இந்தியாவில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. க்ஷயம் பட்டணத்து நோய் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிராமத்திலும் அதே அளவு இருக்கிறது என்று கணக்குச் சொல்லியது. நோயாளிகள் லட்சக்கணக்கில், ஆஸ்பத்திரிக் கட்டில்களோ ஆயிரக்கணக்கில். எல்லோருக்கும் ஸானடோரியம் கட்டுவது என்றால் தேசத்தில் வேறு எதையும் கட்ட முடியாது.

அப்படியானால் நோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன? கேள்வி எளிது. ஆனால் பதில் சொல்ல டாக்டர்கள் தயங்கினார்கள். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற வீட்டில், கூழும் கஞ்சியும் குடித்துக்கொண்டு, ஓய்வே இல்லாத ஒருவனுக்கு மாத்திரை மட்டும் என்ன செய்யும்? வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளாதா? நியாயமான பயம்தான்.

இதைத் தீர்த்துவைக்க 1956ல் சேத்துப்பட்டில் ஒரு சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகிய நான்கும் சேர்ந்து செய்த ஏற்பாடு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் பொறுப்பேற்று வந்தார். ஐந்து வருஷத்துக்கு என்று ஆரம்பித்த நிலையம், பிறகு பெயர்கள் மாறி, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் நடக்கிறது.

சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து, இதற்கு முன் சிகிச்சை பெறாத 193 நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடியும் சீட்டுக் குலுக்கல். பாதிப் பேர் ஸானடோரியத்துக்கு. பாதிப் பேர் தங்கள் வீட்டுக்கே. இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐஸோநயாஸிட்டும் பாஸும், ஒரு வருஷம். ஸானடோரியத்தில் பாலும் முட்டையும் ஓய்வும் நர்ஸும் உண்டு. வீட்டில் என்ன உண்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு நோயாளிகளில் பலர் நோயோடு வேலைக்கும் போனார்கள். போகாவிட்டால் அடுப்பு எரியாதே!

முடிவு 1959ல் வெளியாயிற்று. கணக்கில் எடுத்துக்கொண்டவர்களில், ஒரு வருஷ முடிவில் ஸானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கு. இவ்வளவு சிறிய கூட்டத்தில் இந்த ஆறு என்பது தற்செயலாகவும் நேரக்கூடியதே. அதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. ஐந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்தாம் வருஷ முடிவில் இரு சாராருக்கும் பேதமே இல்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

குழந்தைகள் விஷயம்? அதையும் ஐந்து வருஷம் கவனித்து 1966ல் சொன்னார்கள். நோயாளி வீட்டில் இருந்த குடும்பங்களில், அவன் ஸானடோரியத்துக்குப் போன குடும்பங்களைவிட அதிகமாக யாருக்கும் நோய் வரவில்லை. ஒட்டுகிற ஆபத்தெல்லாம் பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு, இருமலைச் சாதாரண இருமல் என்று நினைத்திருந்த நாட்களில் நேர்ந்தது. மருந்து ஆரம்பித்துவிட்டால் ஆபத்து மளமளவென்று குறைந்துவிடுகிறது. திண்ணையில் தனித் தம்ளரோடு உட்கார்ந்திருந்த எத்தனையோ பேரை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது தனித் தம்ளர் அல்ல; மாத்திரைதான்.

ஸானடோரியத்தில் இருந்தவர்கள் அதிகமாகச் சாப்பிட்டார்கள். எடையும் அதிகமாக ஏறினார்கள். ஆனால் கிருமி ஒழிந்ததில் அதனால் வித்தியாசம் ஏற்படவில்லை. நூறு வருஷத்து நம்பிக்கை ஒன்று அதோடு தளர்ந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம் என்று போட்டுவிடலாம். ஆனால் உண்மையான சிக்கல் இதற்கப்புறம்தான் ஆரம்பமாகிறது. மாத்திரைதான் நோயைத் தீர்க்கிறது என்றால், மாத்திரையை விழுங்க வேண்டுமே! ஸானடோரியத்தில் நர்ஸ் நின்று விழுங்க வைப்பாள். வீட்டில் யார்?

பாஸ் மருந்து லேசுப்பட்டதல்ல. ஒரு நாளைக்குச் சுமார் பத்து கிராம். குமட்டும், வயிற்றைப் புரட்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, ஜுரம் விட்டு, பசி எடுத்து, உடம்பில் தெம்பு வந்துவிடும். கிருமியோ இன்னும் உள்ளே இருக்கும். நோய் போவதற்கு முன்பே நோயின் துன்பம் போய்விடுகிறது. நன்றாக இருக்கிற மனிதன் குமட்டுகிற மருந்தை இன்னும் பத்து மாதம் எதற்காகச் சாப்பிடுவான்? பத்திய மருந்தை நாலாம் நாளே மறந்துவிடுகிற நாம் அவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

வாலஸ் ஃபாக்ஸ் இந்த விஷயத்தில் மகா சந்தேகப் பிராணி. நோயாளியின் வார்த்தையை மட்டும் நம்பாமல், அவர் நிலையத்துக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். பலர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது வெளியாயிற்று. படித்தவன், படிக்காதவன் என்ற பேதம் இதில் இல்லை. எந்தத் தேசத்திலும் மனித சுபாவம் இதுதான் என்று ஃபாக்ஸ் 1958லேயே எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. மனிதனை மாற்ற முடியாவிட்டால் மருந்துக் கால அட்டவணையை மாற்றுவோம் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐஸோநயாஸிட்டைக் காலையும் மாலையும் பிரித்துக் கொடுப்பதா, ஒரே வேளையில் கொடுப்பதா? ஒரே வேளைதான் மேல் என்று தெரிந்தது. மருந்து எப்போதும் கொஞ்சம் கொஞ்சம் ரத்தத்தில் இருப்பதைவிட, ஒரு முறை உச்சத்துக்கு ஏறி இறங்குவதே கிருமியை அதிகம் தாக்குகிறது. தினமும் கொடுப்பதா, வாரம் இரண்டே முறை கொடுத்தால் போதுமா? ஸ்ட்ரெப்டோமைஸின் ஊசியும் அதிக அளவு ஐஸோநயாஸிட்டும் வாரம் இருமுறை, நிலையத்துக்கு வரவழைத்துக் கண்ணெதிரே கொடுத்தார்கள். 1964ல் வந்த முடிவின்படி, தினமும் வீட்டில் தானே சாப்பிட்டவர்களைவிட இவர்கள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. ஒருதரம் மருந்தடி பட்ட கிருமி சில நாட்கள் தலைதூக்குவதில்லை என்பதும் காரணம். கண்ணெதிரே விழுங்கினார்கள் என்பதும் காரணம்.

பிறகு ரிஃபாம்பிஸின் வந்தது. 1970ஐ ஒட்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஃபாக்ஸும் அவர் கூட்டாளிகளும் நடத்திய சோதனைகளில், பன்னிரண்டு மாதம், பதினெட்டு மாதம் என்றிருந்த சிகிச்சை ஆறு மாதத்துக்குள் அடங்கியது. ஆறு மாதம் என்றால் ஒரு கூலிக்காரனும் எண்ணிப் பார்த்துத் தைரியம் கொள்ளலாம்.

சென்னையில் பிறந்த 'கண்ணெதிரே விழுங்குதல்' என்ற யோசனையை 1990களில் உலக சுகாதார ஸ்தாபனம் உலகம் முழுவதற்கும் சிபாரிசு செய்தது. 1997லிருந்து இந்தியாவில் வாரம் மூன்று முறை மருந்து என்று விரிவாக நடைமுறைக்கு வந்தது. லட்சோபலட்சம் பேர் பிழைத்தார்கள். ஆனால் இதிலும் ஓர் எல்லை இருந்தது. வாரம் மூன்று முறை சாப்பிடுகிறவன் ஒரு வேளையைத் தவறவிட்டால் இழப்பு அதிகம். நோய் திரும்புவதும், மருந்துக்கு அடங்காத கிருமி கிளம்புவதும் தினசரிச் சிகிச்சையைவிட அதிகம் என்று பல தேசத்துக் கணக்குகளும் காட்டின. விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2017ல் தினசரி மருந்துக்கே திரும்பினோம். இப்போது பல மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துத் தருகிறார்கள், ஆறு மாதம், சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம்.

சாப்பாட்டு விஷயத்திலும் ஒரு பின்கதை உண்டு. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்குத் தானியமும் பருப்பும் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2023ல் வெளிவந்தது. நல்ல உணவு கிடைத்த குடும்பத்தாருக்குப் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தது. சேத்துப்பட்டுக் கணக்கு பொய்யாகிவிடவில்லை. அது கேட்ட கேள்வி வேறு. இது கேட்ட கேள்வி வேறு. வந்த கிருமியைக் கொல்ல மாத்திரை வேண்டும். வராமல் தடுக்க வயிறு நிறைய வேண்டும்.

இந்தச் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. தினமும் ஒரு தரமா, வாரம் இரு தரமா, ஆறு மாதமா, பன்னிரண்டு மாதமா என்பவை பார்வைக்கு வெறும் வைத்தியக் கணக்குகள். உள்ளே இருப்பதோ, ஒரு மனிதன் கூலி வேலையை விடாமல், ஒரு தாய் கைக்குழந்தையை விட்டுப் பிரியாமல், ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகாமல் பிழைக்க முடியுமா என்ற கேள்வி. மருந்து கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் பரிசு உண்டு. வாக்ஸ்மனுக்கு 1952ல் கிடைத்தது. மருந்தை மனிதன் வாழ்க்கைக்குள் பொருத்தி வைத்தவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

சீட்டில் 'ஸானடோரியம்' என்று வராமல் 'வீடு' என்று வந்தபோது, சேத்துப்பட்டில் ஒருவருக்காவது மனம் சோர்ந்திருக்கும். நல்ல சாப்பாடும் கட்டிலும் நமக்கு இல்லையே என்று ஏங்கியிருக்கக்கூடும். அப்படிப் போனவர்கள் அட்டையையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு, பஸ்ஸிலும் நடந்தும் தங்கள் ஒற்றை அறை வீட்டுக்குப் போய், குமட்டுகிற மருந்தை ஒரு வருஷம் விழுங்கினார்கள். அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. அவர்கள் விழுங்கியதால்தான் இன்று உலகத்தில் பெரும்பாலான க்ஷயரோகிகள் வீட்டை விட்டுப் பிரியாமல், தங்கள் மனிதர்கள் நடுவிலேயே இருந்துகொண்டு குணமாகிறார்கள்.